ஒன்பது நாள் எங்கே போனாய்?

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் பின்பக்கக் கட்டடத்தில் அந்த மையம் இயங்குகிறது. எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. ஆய்வுக்காக நான் போய்ப் பார்த்த மற்ற மையங்களும் ஏறக்குறைய இதே மாதிரிதான். காலை ஒன்பதரைக்குத் திறப்பார்கள், மதியம் ஒரு மணிக்குள் மூடிவிடுவார்கள். வரிசையில் நிற்க வேண்டும். நர்ஸ் பதிவேட்டில் பெயரைப் பார்த்து, மாத்திரையைப் பொடித்து நாக்குக்கு அடியில் வைப்பார். அது கரையும்வரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. பெஞ்சில் ஐந்து, பத்து நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து வாயைத் திறந்து காட்ட வேண்டும், நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. மறுநாள் காலை திரும்பவும் இதே வரிசை.

ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு வகைப் போதைக்கு அடிமையானவர்களுக்குத் தரப்படும் மாற்று மருந்து இது. புப்ரெனார்ஃபின் என்று பெயர். வரிசையில் நிற்கிறவர்கள் 'மாத்திரை' என்று மட்டும் சொல்வார்கள்.

ஒரு நாள் அந்த வரிசையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து நின்றார். அண்ணன் என்றே சொல்கிறேன், நான் அப்படித்தான் கூப்பிடுவேன். ஒன்பது நாளாக அவர் பெயருக்கு நேரே பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தது. நர்ஸுக்கு அவர் மகள் வயது இருக்கும். "ஒன்பது நாள் எங்க போன?" என்றார். அண்ணன் பேசவில்லை. "இஷ்டத்துக்கு வர்றது, இஷ்டத்துக்குப் போறது. டாக்டர் நாளைக்கு வருவாரு. கவுன்சலிங் முடிச்சாதான் இனிமே மாத்திரை." அண்ணன் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அவர் வரவில்லை.

எங்கே போனார் என்பதைப் பிறகு பெரும்பாக்கம் குடியிருப்பில் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன். மழைக்கு முன் வாய்க்கால் தூர் வாரும் வேலை. ஒப்பந்தக்காரர் பத்துப் பேரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் தங்க வைத்திருக்கிறார். வேலை முடியும்வரை யாரும் இடையில் போகக் கூடாது. போனால் அதுவரை செய்த கூலியும் நிற்கும். "வேலைக்குப் போனா மாத்திரை போயிடுது, மாத்திரைக்கு வந்தா வேலை போயிடுது தம்பி. ஏதாச்சும் ஒண்ணத்தான புடிக்க முடியும்?" என்றார்.

முதல் இரண்டு நாள் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையாம். மூன்றாம் நாள் கொட்டாவி, மூக்கு ஒழுகல், கைகால் குடைச்சல். நான்காம் நாள் வயிற்றுப்போக்கு, ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. இடுப்பளவு சேற்றில் நின்று மண்வெட்டி பிடிக்க வேண்டிய உடம்பு. கூட வேலை செய்த ஒரு பையன் டேபென்டடால் வலி மாத்திரை கொடுத்தான். அன்றிலிருந்து அதில்தான் ஓடியிருக்கிறது. மையத்துக்கு வந்த நாளுக்கு முந்தைய இரவுகூடப் போட்டிருக்கிறார்.

இதை அந்த நர்ஸிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றார்.

அந்த ஒரு பதிலைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை. மருந்து தவறிவிட்டுத் திரும்பி வருகிற ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. கடைசியாக இங்கே மருந்து எடுத்தது எப்போது? இடையில் வேறு எதையாவது போட்டீர்களா? அது என்ன, கடைசியாக எத்தனை மணிக்கு? கூடவே குடித்தீர்களா, தூக்க மாத்திரை போட்டீர்களா? இவை மருத்துவக் கேள்விகள். பதிலைப் பொறுத்து மருந்தின் அளவும் நேரமும் மாறும். 'எங்கே போனாய்' என்பது அந்தத் தொனியில் கேட்கப்படும்போது மருத்துவக் கேள்வியாக இருப்பதில்லை. பண்ணையில் ஒரு நாள் வேலைக்கு வராத ஆளிடம் கேட்கப்பட்ட கேள்வி அது.

மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் இந்த வித்தியாசம் புரியாது. மூளையில் ஹெராயினோ டேபென்டடாலோ போய் உட்காரும் இடம் ஒன்று இருக்கிறது. புப்ரெனார்ஃபின் அதே இடத்தில் போய் மிக இறுக்கமாக உட்காரும். ஆனால் அந்த இடத்தைப் பாதி அளவுக்குத்தான் தூண்டும். அதனால் உடம்பு குடைச்சலெடுப்பது நிற்கிறது, பழைய மயக்கம் வருவதில்லை. ஒரு அளவுக்கு மேல் கூட்டினாலும் விளைவு கூடிக்கொண்டே போகாது என்பதால் மூச்சை நிறுத்திவிடும் ஆபத்தும் மற்ற ஓபியாய்டுகளைவிடக் குறைவு. ஒரு வேளை எடுத்தால் ஒரு நாளுக்கும் மேலாக உடம்பில் தங்கும். அண்ணனுக்கு முதல் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது அதனால்தான்.

ஒன்றிரண்டு நாள் தவறியவர் இடையில் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் பெரும்பாலும் பழைய அளவிலேயே தொடரலாம். ஒரு வாரம், பத்து நாள் என்று போய்விட்டால் நிலைமை வேறு. உடம்பின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும். குறைந்த அளவில் தொடங்கி, உட்கார வைத்துப் பார்த்து, சில நாளில் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். மெத்தடோன் என்ற இன்னொரு மாற்று மருந்து உண்டு. அதில் கவனம் இன்னும் கூடுதலாகத் தேவை. தொடர்ந்து மூன்று நாள் தவறினாலே அளவைக் குறைத்துத் தொடங்குவது உலகெங்கும் உள்ள நடைமுறை. பழைய அளவை அப்படியே கொடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம்.

இன்னொரு சிக்கல், அண்ணன் விஷயத்தில் இருந்தது. உடம்பில் வேறு ஓபியாய்டு இன்னும் இருக்கும்போது புப்ரெனார்ஃபினைக் கொடுத்தால் அது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டுத் தான் உட்காரும். முழுத் தூண்டல் திடீரென்று பாதியாகிவிடும். மூன்று நாளில் மெல்ல ஏறுகிற வேதனை அரை மணி நேரத்தில் மொத்தமாக வந்து இறங்கும். வாந்தி, நடுக்கம், வியர்வை. ஒருமுறை அதை அனுபவித்தவர் 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது' என்று முடிவு கட்டிவிட்டு மையத்தின் பக்கமே வரமாட்டார். ஆகவே கடைசியாகப் போட்ட மாத்திரையின் பிடி தளர்ந்து குடைச்சல் தொடங்கும்வரை சில மணி நேரம், சில சமயம் அரை நாளுக்கு மேலும், காத்திருந்து பிறகு சிறிய அளவில் தொடங்க வேண்டும்.

அதாவது அன்று காலை அண்ணனுக்கு உடனே மாத்திரை கொடுக்காதது சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் காரணம் அதுவல்லவே. 'நேற்று ராத்திரி டேபென்டடால் போட்டிருக்கிறீர்கள், இப்போதே கொடுத்தால் உங்களுக்குத் தாங்காது, மதியம்வரை இங்கேயே உட்காருங்கள், குடைச்சல் ஆரம்பித்ததும் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்திருப்பார். அன்றைய கூலி எப்படியும் போயிற்று. நடந்தது என்ன? மருந்தை நிறுத்தி வைத்தல் ஒரு தண்டனையாகத் தரப்பட்டது. தண்டனை வாங்கிக்கொண்டு போனவர் நேரே போகக்கூடிய இடம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும்.

சிகிச்சையில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் சிகிச்சையைவிட்டு வெளியேறியவர்கள் சாகும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், அதிலும் வெளியேறிய முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை என்று பல நாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. காரணம் எளிமையானது. தாங்கும் திறன் இறங்கிய உடம்பு பழைய அளவை நினைவு வைத்துக்கொண்டு அதையே கேட்கிறது. கூடவே ஒரு குவார்ட்டரோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ராத்திரி தூங்கியவர் காலையில் எழுந்திருக்க மாட்டார். நலோக்சோன் என்ற முறிமருந்தை உடனே கொடுத்தால் மூச்சைத் திருப்பலாம். நம் குடியிருப்புகளில் அது யார் கையிலும் கிடையாது.

ஆகவே திரும்பி வரும் நாள்தான் சிகிச்சையின் மிக முக்கியமான நாள். முதல் முறை வந்து பதிவு செய்த நாளைவிட முக்கியமானது. அந்த நாளில்தான் நம் அமைப்பு கதவைப் பாதி சாத்திக்கொண்டு நிற்கிறது.

ஏன் இப்படி? நர்ஸ் கெட்டவர் என்பதல்ல என் வாதம். அவரும் ஒப்பந்த ஊழியர்தான், சம்பளம் மாதக்கணக்கில் தாமதமாகிறது என்று என்னிடமே புலம்பியிருக்கிறார். பிரச்சினை திட்டத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. இந்தியாவில் இந்த மாற்று மருந்து பெரிய அளவில் வந்தது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாக. ஊசி போடுபவர்கள் ஒரே ஊசியைப் பகிர்ந்து எச்.ஐ.வி. பரவுகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பதே நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த நோக்கத்தில் ஊசி போடுகிற மனிதர் ஒரு கிருமி கடத்தி. அவர் உடம்பு குடைவதும் கூலி போவதும் திட்டத்தின் கணக்கில் இல்லை. ஊசி போடாமல் மாத்திரையை விழுங்குகிறவருக்கு இந்த மையங்களில் இடம் கிடைப்பதே கஷ்டம்.

இன்னொரு பக்கம் 'போதை மறுவாழ்வு' சமூகநீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நம் மக்களுக்கான கல்வி உதவித்தொகையைப் பார்க்கிற அதே அமைச்சகம். அதன் சார்பில் எய்ம்ஸ் மருத்துவமனையின் சிகிச்சை மையம் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. ஓபியாய்டு பயன்படுத்துவோர் நாட்டில் சுமார் 2.26 கோடி, அதில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் சுமார் 77 லட்சம், ஊசி போடுவோர் சுமார் 8.5 லட்சம் என்றது அந்த ஆய்வு. வயது, மாநிலம், பாலினம் என்று பிரித்துப் பார்த்தார்கள். இவர்களில் யார் எந்தச் சாதி, யார் என்ன வேலை செய்கிறவர்கள் என்ற கேள்வி பொது விவாதத்துக்கு வரவே இல்லை. சமூகநீதி என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே சாதியைப் பற்றிப் பேச்சே எழாமல் இருப்பது நமக்குப் பழகிப்போன காட்சிதான்.

கேள்வி வந்தால் பதில் என்னவாக இருக்கும்? பஞ்சாபைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி அங்கே மக்கள்தொகையில் 31.9 விழுக்காடு தலித்துகள். நிலமோ ஜாட் சீக்கியர் கையில். அறுவடைக் காலத்தில் கூலியாட்களுக்கு அபினும் அபின் காயின் தோலும் கொடுத்து வேலை வாங்கிய வழக்கத்தைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே சாக்கடைக்குள் இறங்குபவருக்கு முதலில் ஒரு குவார்ட்டர் கொடுத்து இறக்குவது போல. உடம்பு மரத்துப்போனால்தான் செய்ய முடிகிற வேலைகள் சிலருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மரத்துப்போக வைக்கும் பொருளையும் வேலை கொடுப்பவரே கொடுக்கிறார். பிறகு 'இவனுங்க குடிகாரனுங்க, போதைக்காரனுங்க' என்று அவர்களே சொல்கிறார்கள். வடசென்னையில் நான் பேசியவர்களில் பலர் வலி மாத்திரைக்கு வந்த வழி உடம்பு வலிதான். மூட்டை தூக்கியவர், மீன் கூடை இறக்கியவர், தூர் வாரியவர். தொடக்கத்தில் அது அவர்களுக்கு மாத்திரையாகவே இருந்தது.

2018இல் டிரமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. வலி அப்படியேதான் இருந்தது, வேலையும் அப்படியேதான் இருந்தது. டேபென்டடால் வந்து அந்த இடத்தை நிரப்பியது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றி இளைஞர்கள் செத்த செய்திகளை நாளிதழில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

தினமும் வந்து நர்ஸ் முன்னால் மருந்தை எடுக்க வேண்டும் என்ற விதிக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1990களில் சென்னையில் பிரவுன் சுகர் கிடைக்காதபோது இதே புப்ரெனார்ஃபினை ஊசி மருந்தாக வாங்கி ஏற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தால் விற்றுவிடுவார்கள் என்ற அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? குடிசை மாற்று என்ற பெயரில் நகரத்தின் நடுவிலிருந்து பிடுங்கி எடுத்துக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதில் பெரும்பாலோர் யார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலையும் மருத்துவமனையும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. பெரும்பாக்கத்திலிருந்து அந்த மையத்துக்குப் போய்வர இரண்டு பேருந்து மாற வேண்டும், அரை நாள் போகும். பெண்களுக்கு நகரப் பேருந்து இலவசம், ஆண்களுக்கு இல்லை. வாரம் ஏழு நாளும் அரை நாள் கூலியை இழந்து ஐந்து நிமிட மருந்து வாங்க வேண்டும் என்று எந்த மேட்டுக்குடி நோயாளியிடமாவது சொல்லிப் பாருங்கள்.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. பஞ்சாப் 2017இல் புறநோயாளி சிகிச்சை மையங்களைத் தொடங்கியது. அங்கே கொடுக்கும் மாத்திரையில் புப்ரெனார்ஃபினோடு நலோக்சோனும் சேர்ந்திருக்கும். நாக்குக்கு அடியில் வைத்தால் நலோக்சோன் ஒன்றும் செய்யாது, கரைத்து ஊசியில் ஏற்றினால் வேதனையைக் கிளப்பிவிடும். விற்பனை பயத்துக்கு மருந்துக்குள்ளேயே ஒரு பூட்டு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது இரண்டு வாரத்துக்கான மாத்திரையை வீட்டுக்கே கொடுத்தார்கள். மற்ற மாநிலங்களின் எய்ட்ஸ் தடுப்பு மையங்களிலும் அந்த நாட்களில் சில நாள் மருந்தைக் கையில் கொடுக்க அனுமதி வந்தது. குடி ஒன்றும் முழுகிப் போகவில்லை. பஞ்சாபில் புதிதாகச் சிகிச்சைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. கிருமிக்குப் பயந்து அரசு திறந்த அந்தக் கதவை, ஊரடங்கு முடிந்ததும் நான் பார்த்த மையங்களில் பழையபடி சாத்திவிட்டார்கள். ஒரு நாள் மாத்திரையைக்கூட நம்பிக் கொடுக்க முடியாத ஆட்கள் என்ற முடிவு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிற ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் பேரன் கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் மருந்தை விட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும்? 'சார், ஸ்வீட் சாப்பிட்டீங்களா?' என்று சிரித்துக்கொண்டே ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பார்கள். இன்சுலினை நிறுத்தி வைத்து 'முதலில் கவுன்சலிங்' என்று யாரும் சொல்வதில்லை. 2017ஆம் ஆண்டு மனநல மருத்துவச் சட்டம் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய நிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைக்கிறது. மனநோயாளியை உடல் நோயாளிக்குச் சமமாக நடத்த வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. சட்டப்படி அண்ணனும் அந்த அதிகாரியும் ஒன்று. பதிவேட்டுக்கு முன்னால் ஒருவர் 'சார்', இன்னொருவர் 'நீ'.

மருந்து தவறுவதற்கு வேலை மட்டும் காரணமல்ல, போலீஸும் ஒரு காரணம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு போதைப்பொருளை உட்கொள்வதையே குற்றமாக்குகிறது. பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை. சிகிச்சைக்குத் தானாக முன்வருபவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்று 64ஏ பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. 27 எல்லாக் காவல் நிலையத்துக்கும் மனப்பாடம். 64ஏ என்று ஒன்று இருப்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட உதவி ஆய்வாளர் ஒருவர் உண்டு. மையத்துக்குப் போகிற வழியில் சட்டைப்பையைத் தடவிப் பார்ப்பதும், கணக்குக் காட்ட ஆள் தேவைப்படும்போது பழைய பட்டியலிலிருந்து தூக்குவதும் வழக்கம். பதினைந்து நாள் ரிமாண்டில் உள்ளே போனால் அங்கே மருந்து கிடையாது. திகார் சிறையில் இந்த மருந்தைக் கொடுத்துக் காட்டியிருக்கிறார்கள், செய்ய முடியாத காரியமல்ல. உள்ளே வேதனையைத் தின்று முடித்து, தாங்கும் திறன் இறங்கி, பதினாறாம் நாள் வெளியே வருகிற உடம்புதான் முதல் ஊசியிலேயே சாகிறது. தனியார் 'மறுவாழ்வு இல்லம்' என்ற பெயரில் ஆளைக் கட்டித் தூக்கிப்போய் மூன்று மாதம் பூட்டி வைக்கிற இடங்களிலிருந்து வெளியே வருபவருக்கும் இதுவே கதி. வீட்டார் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியிருப்பார்கள்.

கடைசியாக நம் வீட்டுக்குள் வருகிறேன். தோழர்களுக்குக் கசக்கலாம்.

அண்ணன் ஒருகாலத்தில் பகுதியில் அம்பேத்கர் மன்றத்தில் இருந்தவர். ஏப்ரல் 14க்கு நீலக்கொடி கட்டியவர். போதைக்குப் போனதும் மன்றத்திலிருந்து விலக்கினார்கள். சரி, அப்போது அவர் வீட்டிலிருந்து பொருளை எடுத்து விற்றுக்கொண்டிருந்தார், கோபம் நியாயம். பிறகு அவர் சிகிச்சைக்கு வந்து ஏழு மாதம் ஒழுங்காக மாத்திரை எடுத்து, வேலைக்குப் போய், மகளைப் பள்ளியில் திரும்பச் சேர்த்த பிறகும் சேர்க்கவில்லை. 'இன்னும் மாத்திரை போட்டுக்கிட்டுதான இருக்கான், முழுசா சுத்தமாகட்டும் பாக்கலாம்' என்றார்கள்.

சுத்தம். இந்தச் சொல்லை நாம் யோசிக்காமல் சொல்கிறோம். ஒரு மனிதர் உழைக்கிறார், வீட்டைப் பார்க்கிறார், யாருக்கும் தொந்தரவில்லை. ஆனால் அவர் உடம்புக்குள் இருக்கும் ஒரு பொருளால் அவர் இன்னும் நம் அருகில் உட்காரத் தகுதியில்லாதவர். தீட்டைப் பற்றி நூறு மேடைகளில் பேசிய நமக்கு இந்த வாக்கியத்தின் வடிவம் தெரியாதா என்ன?

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் போதைப் பொருளைத் தொட மாட்டேன் என்பதும் ஒன்று என்று நினைவூட்டுகிறார்கள். ஆம், ஒன்றுதான். மதுவை எதிர்த்து நம் பெண்கள் நடத்திய போராட்டங்களை நான் குறைத்துப் பேசவில்லை, என் அம்மாவே அதில் நின்றவர். ஆனால் உடம்பு வலியைத் தாங்குவதற்காகப் பிடித்த பழக்கத்திலிருந்து மீள மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை போதை என்று சொல்வது உறுதிமொழியைக் காப்பதாகாது. தன் தோப்பில் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த பெரியாரே பின்னாளில் சட்டத்தின் பிரம்பால் மதுவிலக்கைத் திணிப்பதை எதிர்த்தார் என்பதையும் அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

நம் அமைப்புகள் கள்ளச்சாராயச் சாவுக்கு நிவாரணம் கேட்கின்றன, டாஸ்மாக்கை மூடச் சொல்கின்றன. எந்த ஆர்ப்பாட்டத்திலும் மாற்று மருந்து மையத்தின் நேரத்தை மாற்று என்ற முழக்கத்தை நான் கேட்டதில்லை. சிறிய கோரிக்கைதான். காலை ஆறு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் மையம் திறந்திருக்க வேண்டும். கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மருந்து கிடைக்க வேண்டும். நிலைப்பட்டவர்களுக்கு ஒரு வார மாத்திரை கையில் வேண்டும், வெளியூர் வேலைக்குப் போகிறவருக்கு அந்த ஊர் மையத்தில் எடுத்துக்கொள்ள ஒரு சீட்டு வேண்டும். தவறிவிட்டுத் திரும்பி வருகிறவரை மருத்துவர் இல்லை என்று அனுப்பாமல், தொலைபேசியிலாவது மருத்துவரிடம் பேசி அன்றைக்கே தொடங்க வேண்டும். விடுதி, உதவித்தொகை என்று நூறு கோரிக்கைகளை அடுக்குகிற நம் துண்டறிக்கைகளில் இதற்கு நாலு வரி இடம் இல்லாமல் போகாது.

இரண்டு மாதம் கழித்து அந்த மையத்துக்கு மறுபடி போனேன். பதிவேட்டில் அண்ணன் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் 'தொடர்பில் இல்லை' என்று எழுதியிருந்தது. அவர் கொடுத்த கைப்பேசி எண் மேலே அப்படியே இருந்தது. அங்கே நின்றபடியே அந்த எண்ணுக்கு அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். "சொல்லு தம்பி, வீட்லதான் இருக்கேன்" என்றார்.